கம்ப்யூட்டர் மக்கர் செய்கிறதா? பார்மட் செய்யும் முன் இதைப் படியுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு முதல் சில மாதங்கள் இனிமையாகவே செல்லும். பின்னர் ஒருநாள் பவர் பட்டனை அழுத்தினால், திரையில் எதுவும் தெரியாது. அல்லது விண்டோஸ் பாதி வழியில் நின்று விடும். உடனே பதற்றம் அடைந்து, தெரிந்தவர் ஒருவருக்குப் போன் செய்வோம். அவர் வந்து பார்த்துவிட்டுச் சொல்லும் தீர்வு, பெரும்பாலும் ஒன்றுதான்: “பார்மட் போட்டுடலாம்.”

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் இதுதான் நடந்தது. கம்ப்யூட்டர் அவ்வப்போது நீலத் திரை காட்டி நின்று கொண்டிருந்தது. வந்த மெக்கானிக், “விண்டோஸ் கரப்ட் ஆயிருச்சு சார்” என்று கூறி, ஹார்ட் டிஸ்க் முழுவதையும் பார்மட் செய்து விண்டோஸ் பதிந்து கொடுத்தார். இரண்டே நாளில் அதே நீலத் திரை மீண்டும் வந்தது. வேறு ஒருவர் வந்து சிபியுவைத் திறந்து, ராம் சிப்பைக் கழற்றி, துடைத்து மீண்டும் பொருத்தினார். பிரச்னை தீர்ந்தது. ஆனால் மறைந்த அவர்கள் வீட்டுப் பெரியவரின் போட்டோக்கள், வீடியோக்கள் எல்லாம் அந்த ஹார்ட் டிஸ்க்கில் மட்டுமே இருந்தன. ராம் சிப்பைக் கடையில் வாங்கலாம். போட்டோவை எந்தக் கடையில் வாங்குவது?

எனவே முதல் பாடம் இதுதான். கம்ப்யூட்டரைச் சரி செய்வதைக் காட்டிலும், அதில் உள்ள உங்கள் பைல்களைக் காப்பாற்றுவது முக்கியம். அதன்பின் வெளியில் இருந்து உள்ளே என வரிசையாகச் சோதிக்க வேண்டும். எப்படி என்று பார்ப்போம்.

இன்றே செய்ய வேண்டிய இரண்டு வேலைகள்

கம்ப்யூட்டர் நன்றாக இயங்கும்போதே இவற்றைச் செய்திட வேண்டும்.

1. பேக்கப்: விண்டோஸ் கீயுடன் இ கீயை அழுத்தினால் பைல் எக்ஸ்புளோரர் கிடைக்கும். அதில் டெஸ்க்டாப், டாகுமெண்ட்ஸ், பிக்சர்ஸ், வீடியோஸ், டவுன்லோட்ஸ் ஆகிய போல்டர்களைப் பாருங்கள். நம் பைல்கள் பெரும்பாலும் இவற்றில்தான் இருக்கும். இவற்றை ஓர் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்திடுங்கள். காப்பி ஆன பின்னர், நான்கைந்து பைல்களை அங்கிருந்து திறந்து பார்த்து உறுதி செய்து கொள்ளுங்கள். பின் அந்த டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிடுங்கள். எப்போதும் இணைத்தே வைத்திருந்தால், இடி மின்னலோ, பைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸோ தாக்கும்போது இரண்டும் ஒன்றாகப் போய்விடும். மிக முக்கியமானவற்றின் மூன்றாவது காப்பி ஒன்று, உறவினர் வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ இருப்பது நல்லது.

2. ரெகவரி கீ: விண்டோஸ் 11 உள்ள பல கம்ப்யூட்டர்களில், மைக்ரோசாப்ட் அக்கவுண்ட் மூலம் நுழைந்தவுடன் டிஸ்க் தானாகவே பூட்டப்படுகிறது. இதற்கு டிவைஸ் என்கிரிப்ஷன் என்று பெயர். பலருக்கு இது நடந்ததே தெரியாது. மதர்போர்டை மாற்றினாலோ, பயாஸ் செட்டிங்ஸ் மாறினாலோ, திடீரென ஒரு நீலத் திரை தோன்றி 48 இலக்க ரெகவரி கீயைக் கேட்கும். அது இல்லை என்றால், டிஸ்க் நல்ல நிலையில் இருந்தும் பைல்களைப் பெற முடியாது. செட்டிங்ஸ் சென்று, பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பிரிவில் டிவைஸ் என்கிரிப்ஷன் ஆன் செய்யப்பட்டுள்ளதா எனப் பாருங்கள். ஆன் என்று இருந்தால், உங்கள் மைக்ரோசாப்ட் அக்கவுண்ட் தளத்தில் நுழைந்து, அந்தக் கீயை ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களுடன் வைத்திடுங்கள்.

எந்த நிலையில் நின்றது?

இனி பழுது பார்க்கும் வேலைக்கு வருவோம். “கம்ப்யூட்டர் ஓடவில்லை” என்று பொதுவாகச் சொல்வதால் பயன் இல்லை. எந்த நிலையில் நின்றது என்று பார்க்க வேண்டும். நான்கு நிலைகள் உண்டு.

முதல் நிலை: உயிரே இல்லை

விளக்கு எரியவில்லை, மின்விசிறிச் சத்தமும் இல்லை என்றால், மின்சாரம் உள்ளே வரவில்லை என்று பொருள். அதே பிளக் பாயிண்ட்டில் ஒரு மொபைல் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். பின் சிபியுவின் பின்புறம் பவர் கார்டு இறுக்கமாக உள்ளதா, அதன் அருகில் உள்ள சிறிய ஸ்விட்ச் ஆன் நிலையில் உள்ளதா எனக் கவனியுங்கள். வீடு துடைக்கும்போது இந்த ஸ்விட்ச் ஆப் ஆகிவிடுவது உண்டு. யுபிஎஸ் மூலம் இணைத்திருந்தால், நேரடியாகச் சுவரில் உள்ள பிளக்கில் இணைத்துப் பாருங்கள். இயங்கினால், குறை யுபிஎஸ்ஸில்தான். சில ஆண்டுகள் ஆன யுபிஎஸ் என்றால், முதலில் அதன் பேட்டரியைச் சந்தேகப்படலாம்.

சில பழைய சிபியுக்களின் பின்புறம் 115 / 230 என எழுதிய சிவப்பு ஸ்விட்ச் இருக்கும். நம் ஊர் மின்சாரம் 230 வோல்ட். எனவே அதனை 230ல் இருந்து மாற்றவே கூடாது.

லேப்டாப் என்றால், சார்ஜரைக் கழற்றிவிட்டு, பவர் பட்டனை 30 விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள். பின் சார்ஜரை இணைத்து ஆன் செய்து பாருங்கள்.

இரண்டாம் நிலை: சத்தம் உண்டு, படம் இல்லை

சிபியு இயங்குகிறது, மானிட்டர் மட்டும் கருப்பாக இருக்கிறது. மானிட்டரில் “நோ சிக்னல்” என்று வந்தால் மகிழ்ச்சி அடையுங்கள். மானிட்டர் நன்றாக இருக்கிறது; சிபியுவில் இருந்து படம்தான் வரவில்லை. கேபிளை இரு முனைகளிலும் கழற்றி மீண்டும் செருகுங்கள். தனியாகக் கிராபிக்ஸ் கார்டு உள்ள கம்ப்யூட்டர்களில் படத்திற்கான போர்ட் இரண்டு இடங்களில் இருக்கும். கேபிளைக் கிராபிக்ஸ் கார்டில் உள்ள போர்ட்டில்தான் இணைக்க வேண்டும்.

அப்போதும் வரவில்லை என்றால், மவுஸ், கீ போர்டு தவிர மற்ற யுஎஸ்பி சாதனங்கள் அனைத்தையும் கழற்றி விட்டு இயக்கிப் பாருங்கள். அடுத்தது ராம். வாரண்டி காலம் முடியவில்லை என்றால், மூடியைத் திறக்கும் முன் விற்றவரிடம் கேட்டுக் கொள்ளுங்கள். திறப்பதாக இருந்தால், பவர் கார்டை முழுமையாகக் கழற்றிவிட்டு, பவர் பட்டனை ஒருமுறை அழுத்துங்கள். உள்ளே மிச்சம் இருக்கும் மின்சாரம் வெளியேறும். கேபினட்டின் பெயிண்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொட்டு, உங்கள் உடலில் உள்ள நிலை மின்சாரத்தையும் நீக்கிக் கொள்ளுங்கள். ராம் சிப்பின் ஓரத்தில் உள்ள கிளிப்பை விலக்கினால் சிப் மேலெழும். அதன் பொன்னிற முனைகளை உலர்ந்த மென்மையான துணியால் துடைத்து, கிளிக் என்ற ஓசை வரும் வரை மீண்டும் அழுத்திப் பொருத்துங்கள். இரண்டு ராம் சிப்கள் இருந்தால், ஒவ்வொன்றாக மட்டும் வைத்து இயக்கிப் பாருங்கள். கெட்டுப் போனது எது என்று தெரிந்துவிடும்.

மூன்றாம் நிலை: லோகோ வருகிறது, விண்டோஸ் வரவில்லை

முதலில் பென் டிரைவ் ஏதேனும் செருகி உள்ளதா எனப் பாருங்கள். அதில் விண்டோஸைத் தேடி கம்ப்யூட்டர் நின்றிருக்கலாம். தேதியும் நேரமும் ஒவ்வொரு முறையும் பழைய நாளுக்குச் சென்றால், மதர்போர்டில் நாணயம் போல இருக்கும் பேட்டரி தீர்ந்துவிட்டது. பல டெஸ்க்டாப்களில் இது சிஆர்2032 என்ற 3 வோல்ட் பேட்டரி. எளிதாக மாற்றிவிடலாம். ஆனால் பேட்டரியைக் கழற்றினால் பயாஸ் செட்டிங்ஸ் பழைய நிலைக்குச் செல்லும். மேலே சொன்ன ரெகவரி கீ கையில் இருக்கட்டும்.

ஹார்ட் டிஸ்க்கில் இருந்து “டக் டக்” என்று சத்தம் வந்தால் உடனே ஆப் செய்துவிடுங்கள். மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்த்தால், மீட்கக்கூடிய பைல்களும் அழிந்து போகலாம்.

சத்தம் ஏதும் இல்லை என்றால், விண்டோஸ் தானே உதவிக்கு வரும். தொடர்ந்து சிலமுறை தொடங்க முடியாமல் போனால், ரிப்பேர் திரை தோன்றும். அதில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் என்று சென்று, ஸ்டார்ட் அப் ரிப்பேர் என்பதனைத் தேர்ந்தெடுங்கள். அது உதவாவிட்டால், “ரீசெட் திஸ் பிசி” கடைசி வழி. இங்கு இரண்டு வழிகள் காட்டப்படும். “கீப் மை பைல்ஸ்” என்றால் உங்கள் பைல்கள் இருக்கும். நீங்கள் பதிந்த புரோகிராம்கள் போய்விடும். “ரிமூவ் எவ்ரிதிங்” என்றால் எல்லாமே போய்விடும். அவசரத்தில் மாற்றி அழுத்திவிட வேண்டாம். பேக்கப் இல்லை என்றால், இங்கேயே நிறுத்திவிட்டு, டிஸ்க்கை வேறு கம்ப்யூட்டரில் இணைத்துப் பைல்களை எடுத்த பின்னரே தொடரவும்.

நான்காம் நிலை: விண்டோஸ் வருகிறது, ஆமையாக நகர்கிறது

கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று கீகளையும் ஒன்றாக அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் கிடைக்கும். எந்தப் புரோகிராம் அதிகமாகச் சிபியு அல்லது மெமரியை எடுத்துக் கொள்கிறது என்று பார்க்கலாம். இதிலேயே ஸ்டார்ட் அப் என்ற பிரிவில், கம்ப்யூட்டருடன் சேர்ந்து தொடங்கும் புரோகிராம்கள் பட்டியலாகக் காட்டப்படும். தேவையற்றவற்றின் மேல் ரைட் கிளிக் செய்து, டிஸேபிள் கொடுத்திடுங்கள்.

அடுத்து சி டிரைவில் இடம் உள்ளதா எனப் பாருங்கள். செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி பைல்ஸ் எனச் சென்று குப்பைகளை நீக்கலாம். ஓர் எச்சரிக்கை. அந்தப் பட்டியலில் டவுன்லோட்ஸ் போல்டரும் இடம் பெற்றிருக்கும். அதில் டிக் அடித்துவிட்டால், நீங்கள் இறக்கி வைத்த மார்க் ஷீட், பில் எல்லாம் சேர்ந்து போய்விடும்.

டிபிராக் செய்ய வேண்டுமா என்று பலர் கேட்கின்றனர். சுழலும் ஹார்ட் டிஸ்க்கிற்கு அது பயன் தரும். எஸ்எஸ்டி டிரைவிற்குத் தேவையில்லை. விண்டோஸ், டிரைவின் வகையை அறிந்து தேவையானதைத் தானே செய்து கொள்கிறது. ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்து வேகம் தருவதாகக் கூறும் புரோகிராம்கள் பக்கமே போக வேண்டாம்.

“உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் உள்ளது, இந்த எண்ணை அழையுங்கள்” என்று பிரவுசரில் செய்தி வந்தால் அது மோசடி. அழைக்காமல் பிரவுசரை மூடிவிடுங்கள். பணம் இழந்திருந்தால், தாமதிக்காமல் 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்திடுங்கள். விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் கவனத்திற்கு: அதற்கான வழக்கமான மைக்ரோசாப்ட் ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்துவிட்டது. பழைய கம்ப்யூட்டர் வாங்குவோர் இதனைக் கேட்டு வாங்கவும்.

பராமரிப்பு அட்டவணை

தினமும்: ஸ்டார்ட் மெனு மூலம் ஷட் டவுன் செய்திடுங்கள். முற்றிலும் உறைந்து நின்றால் மட்டும், பவர் பட்டனைப் பத்து விநாடிகள் வரை அழுத்தி நிறுத்தலாம். இடி மின்னல் நேரத்தில், பவர் கார்டுடன் இணைய மோடத்தின் இணைப்பையும் கழற்றிவிடுங்கள்.

மாதம் ஒருமுறை: பேக்கப் எடுங்கள். விண்டோஸ் அப்டேட் பாருங்கள். திரையை உலர்ந்த மைக்ரோபைபர் துணியால் துடையுங்கள். ஸ்பிரிட், கண்ணாடி துடைக்கும் திரவம் வேண்டாம்.

ஆறு மாதத்திற்கு ஒருமுறை: சிபியுவின் மின் இணைப்பை நீக்கி, திறந்து, பிளோயர் கொண்டு தூசியை ஊதுங்கள். அப்போது மின்விசிறி சுழலாதபடி ஒரு விரலால் பிடித்துக் கொள்ளவும். பவர் சப்ளை பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்கக் கூடாது. இணைப்பை நீக்கிய பின்னரும் அதனுள் ஆபத்தான மின்சாரம் தங்கி இருக்கும்.

மெக்கானிக்கை அழைக்கும்போது

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்து சோதியுங்கள். ஐந்தை ஒன்றாக மாற்றினால், எதனால் சரியானது என்று தெரியாது. என்ன செய்தீர்கள், திரையில் என்ன செய்தி வந்தது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். மொபைலில் போட்டோவும் எடுக்கலாம். இத்தனைக்குப் பிறகும் சரியாகவில்லை என்றால், மெக்கானிக்கை அழைப்பதில் தவறில்லை. அந்த நோட்டைக் காட்டுங்கள். அவருக்குப் பாதி வேலை மிச்சம். “பார்மட் பண்ணிடலாமா?” என்று அவர் கேட்டால், “முதலில் பைல்களை எடுத்துக் கொடுங்கள், பிறகு பண்ணலாம்” என்று பதில் சொல்லுங்கள்.

அந்தப் பதிலே தேவைப்படாமல் இருக்க, இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கி முதல் பேக்கப்பை எடுத்துவிடுங்களேன்!