சமயக் கல்வியும் பிற சமய மதிப்பும்

இலங்கைப் பாடசாலைகளில் சமயம் கட்டாய பாடமாகும். க.பொ.த. சாதாரண தரம் வரை சைவப் பிள்ளைகள் சைவநெறியைக் கற்கின்றனர். பௌத்த, கத்தோலிக்க, கிறிஸ்தவ, இஸ்லாமியப் பிள்ளைகள் தத்தம் சமயத்தைக் கற்கின்றனர். கணித பாடத்திற்கு ஒரே வாங்கில் இருந்தவர்கள் சமய பாட மணி அடித்ததும் வேறு வேறு வகுப்பறைக்குப் போகின்றனர். இது பிள்ளைகளின் மனங்களையும் பிரித்துவிடாதா என்று கேட்போர் உண்டு.

கேள்வி நியாயமானதே. இதற்கு விடை தேடுவோர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரின் வாழ்வைப் பார்க்க வேண்டும். 1822இல் நல்லூரிலே பிறந்த நாவலர், ஆங்கிலம் கற்றது யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையிலேயே. பின்பு அங்கேயே ஆசிரியராகவும் கடமையாற்றினார். அப்பாடசாலையின் பேர்சிவல் பாதிரியாரும் சாமானியரல்லர். தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்து 1842இல் நூலாக வெளியிட்டவர். அவர் பைபிளைத் தமிழில் பெயர்த்தபோது துணைநின்றவர் நாவலர் பெருமான். பிறர் வேதத்தை வரி வரியாக ஆராய்ந்தும் அவரது சிவபக்தி இம்மியும் குறையவில்லை. 1848இல் அப்பதவியைத் துறந்து வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். மிஷன் பாடசாலையில் கண்ட நல்ல முறைகளைச் சைவப் பிள்ளைகளுக்காகக் கையாண்டார். பாலபாட நூல்களை அச்சிட்டார்.

அதே நாவலர்தான் 1854இல் ‘சைவதூஷண பரிகாரம்’ எழுதி, சைவத்தைப் பழித்தோருக்கு மறுப்புக் கூறினார். அவர் எழுத்துக் கடுமையானதுதான். ஆயினும் அது படித்தறிந்து சொன்ன மறுப்பு. சகிப்புத்தன்மை என்றால் எதற்கும் தலையாட்டுவது என்று சிலர் எண்ணுவது தவறு.

மலையகத் தோட்டங்களில் ஒரே லயத்தில் கோயிலுக்குப் போகும் வீடும் சபைக்குப் போகும் வீடும் அடுத்தடுத்து இருக்கின்றன. “ஏன் கல்லைக் கும்பிடுகிறாய்?” என்று கூட்டாளி கேட்டால், தன் சமயம் அறியாத பிள்ளை ஒன்றில் சண்டைக்குப் போகும், அல்லது வெட்கப்பட்டுத் திருநீற்றை அழித்துக்கொள்ளும். அறிந்த பிள்ளையோ, எங்கும் நிறைந்த இறைவன் அவ்வுருவிலே எழுந்தருளியிருக்கிறான் என்று சொல்லிவிட்டு, அந்தக் கூட்டாளியுடனேயே விளையாடப் போகும்.

படிப்பு மட்டும் இதைத் தந்துவிடாது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று குண்டு வைத்தவர்களுள் வெளிநாட்டில் படித்தவரும் இருந்தார். அக்கொடுஞ்செயலை இஸ்லாமியப் பெரியோர்களே கண்டித்தார்கள் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

பாடசாலையில் ஒரு குறை உண்டு. பிள்ளை தன் சமயத்தைப் படிக்கிறதே தவிர, பக்கத்து வாங்குப் பிள்ளையின் சமயம் பற்றி அறிவது குறைவு. இதற்குச் சிவனொளிபாதமலை நல்ல பாடம். மார்கழிப் பௌர்ணமி முதல் வெசாக் வரை ஹட்டன், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்கு யாத்திரிகர் வருகின்றனர். உச்சியிலுள்ள பாதம் சைவருக்குச் சிவபெருமானுடையது, பௌத்தருக்குப் புத்தருடையது, இஸ்லாமியருக்கு ஆதம் நபியுடையது. கிறிஸ்தவர்களுள் புனித தோமாவுடையது என்பாரும் உளர். படிக்கட்டு எல்லோருக்கும் ஒன்றே. மூச்சு வாங்கும் கிழவிக்குக் கைகொடுப்பவர் எந்தச் சமயம் என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

கோயில்களின் அறநெறி வகுப்பில் இவற்றைச் சொல்லிக்கொடுக்கலாம். ஞாயிறு காலை டியூஷன் என்றால் காசு கட்டி அனுப்பும் பெற்றார், இலவச அறநெறி வகுப்பென்றால் “அடுத்த கிழமை பார்ப்போம்” என்கின்றனர். பிள்ளையை எட்டு மணிக்கு எழுப்பி, முகம் கழுவி, திருநீறு பூசி அனுப்பினாலே போதும். மிகுதியை ஆசிரியர்கள் பார்த்துக்கொள்வார்கள்.