ஓலசுண்டில் ஒரு பகல்

அன்புள்ள மருமகளுக்கு,

நீங்கள் வரும் உல்லாசக் கப்பல் ஜூன் மாதத்தில் ஒரு நாள் நோர்வேயின் ஓலசுண்ட் துறைமுகத்தில் நிற்கும் என்று எழுதியிருந்தாய். காலையில் இறங்கி மாலைக்குள் திரும்பிவிட வேண்டும், அம்மாவும் பிள்ளைகளும் கூட வருகிறார்கள், அதற்குள் எதையெல்லாம் பார்த்து முடிக்கலாம் என்று கேட்டிருந்தாய். நோர்வேயின் கரையோர மீன் ஆலைகளில் உழைத்தே காலத்தைக் கழித்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: பார்த்து முடிக்க நினைக்காதே. அந்த ஊர் எப்படி உண்டானது என்பதைப் பிள்ளைகள் விளங்கிக்கொண்டால் போதும். ஒரு பகல் அதற்குத் தாராளம்.

கப்பலில் கெய்ரங்கர் பஸ் பயணத்துக்கு உங்களைக் கூப்பிடுவார்கள். கெய்ரங்கர் ஃபியோர்ட் 2005 முதல் உலக மரபுச் சின்னம். அழகில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் ஓலசுண்டிலிருந்து போய்வரப் பகலின் பெரும்பகுதி பஸ்ஸிலேயே கழிந்துவிடும். சின்னவளுக்கு வளைவுப் பாதையில் தலை சுற்றும், அம்மாவுக்குக் கால் வீங்கும். ஃபியோர்டை உங்கள் கப்பலின் மேல்தளத்தில் நின்றே வேண்டிய மட்டும் பார்ப்பீர்கள். இந்த ஒரு நாளை ஊருக்குக் கொடு. கப்பல் நிற்கும் இடத்திலிருந்து நகர நடுவுக்குச் சில நிமிட நடைதான்.

இறங்குவதற்கு முந்திய இரவு பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல். 1904 ஜனவரி 23, அதிகாலை. ஒரு மீன் டின் தொழிற்சாலையில் தீப்பிடித்தது. வெளியே புயற்காற்று. வீடுகள் எல்லாம் மரம், ஒன்றோடொன்று ஒட்டியவை. ஏறக்குறைய 850 வீடுகள் எரிந்தன. 10,000 பேர் கடுங்குளிரில் வீடில்லாமல் நின்றார்கள். அத்தனை பெரிய தீயில் உயிரிழந்தவர் ஒருவர் மட்டுமே. கோடைதோறும் இந்த ஃபியோர்டுகளுக்கு விடுமுறைக்கு வந்துகொண்டிருந்த ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம், செய்தி கேட்டதும் உணவும் போர்வையும் கட்டுமானப் பொருள்களும் ஏற்றிக் கப்பல்களை அனுப்பினார். அவர் பெயரில் இன்றும் அங்கே ஒரு தெரு இருக்கிறது. நோர்வேயின் மற்ற ஊர்களும் வெளிநாடுகளும் உதவின.

அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். நகருக்குள் இனி மரத்தால் கட்டக்கூடாது, கல்லும் செங்கல்லும்தான் என்று சட்டம் வந்தது. 1899இல் கிறிஸ்தியானியாவில், அதாவது இன்றைய ஒஸ்லோவில், கட்டடத் தொழில் சரிந்ததிலிருந்து பலர் வேலையில்லாமல் இருந்தார்கள். இளம் கட்டடக் கலைஞர்களும் கொத்தர்களும் தச்சர்களும் வேலை தேடி ஓலசுண்டுக்கு வந்து குவிந்தார்கள். கலைஞர்களில் பலர் ஜெர்மனியில் படித்தவர்கள். அந்நாளில் ஐரோப்பாவில் புதிதாக எழுந்த யூகென்ட் பாணியைக் கொண்டு வந்து, நோர்வேயின் பழங்கதைகளிலும் மரக்கோயில்களிலும் இருந்த உருவங்களை அதில் சேர்த்தார்கள். 1907க்குள் ஊரின் பெரும்பகுதி எழுந்துவிட்டது. நீங்கள் பார்க்கப்போகும் கோபுர வீடுகள், கல்லில் பூத்த மலர்கள், வாசலுக்கு மேலே விழிக்கும் முகங்கள் எல்லாம் அந்த மூன்று ஆண்டு உழைப்பு.

ஆகவே தெருவில் இறங்கியதும் கைபேசியைப் பையில் போடச் சொல். மூத்தவனிடம் ஒரு தாளும் பென்சிலும் கொடு. அவனுக்குப் பிடித்த ஒரு வாசலை வரையட்டும். சின்னவள் சுவர்களில் இருக்கும் முகங்களைத் தேடட்டும். பெரியவர்கள் சொல்லிக் கொடுத்ததைவிடத் தான் தேடிக் கண்டது பிள்ளைக்கு நினைவில் நிற்கும். பிறகு பழைய சுவானே மருந்துக் கடைக்குப் போங்கள். 1907இல் கட்டி முடித்த அந்தக் கட்டடம் இப்போது யூகென்ட் கலை அருங்காட்சியகம். பழைய மருந்துக் கடையின் மர வேலைப்பாடுகளும் மேல்மாடியின் சாப்பாட்டு அறையும் அப்படியே இருக்கின்றன. ஊரை எரித்த தீயையும் அது மீண்டெழுந்த விதத்தையும் விளக்கும் காட்சிகளும் அங்கே உண்டு.

அதைவிட நான் உன்னைப் போகச் சொல்வது ஹோல்ம்புவாவுக்கு. 1861இல் கட்டிய மரக் கிடங்கு அது. தீக்குத் தப்பிய மிகச் சில கட்டடங்களில் ஒன்று. இன்று மீன்பிடி அருங்காட்சியகம். ஓலசுண்டைச் செல்வந்த ஊராக்கியது கிளிப்ஃபிஸ்க் என்ற உப்பிட்டு உலர்த்திய கொட் மீன். மீனைப் பிளந்து உப்பிட்டு, கடற்கரைப் பாறைகளில் பரப்பிக் காயவைப்பார்கள். வானம் இருண்டால் ஓடிப்போய் அள்ளிக் குவித்து மூடி, வெயில் வந்ததும் மீண்டும் பரப்புவார்கள். அந்த வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும். மீன் போர்த்துக்கல், ஸ்பெயின், பிரேசில் வரை போனது; இன்றும் போகிறது. கருவாடு காயப்போட்டு வளர்ந்த உன் அம்மாவுக்கு அந்த வேலையின் பாரம் யாரும் சொல்லாமலே விளங்கும். அவவைப் பேசவிடு, பேரப்பிள்ளைகள் கேட்கட்டும். 1980களில் இலங்கையிலிருந்து வந்த நம்மவர் பலரும் இந்த நாட்டின் மீன் ஆலைகளில்தான் முதல் சம்பளம் வாங்கினார்கள் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல். அந்தச் சம்பளத்தில் உன் படிப்புக்கும் பங்கு இருந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்குக் கப்பலுக்குத் திரும்பாதே. காசு கட்டிய சாப்பாடு அங்கே இருக்கிறது என்று உன் கணவர் சொல்வார், நியாயம்தான். ஆனால் ஆயிரக்கணக்கானோர் இறங்கித் தெருவை நிரப்பிவிட்டு, ஒரு கோப்பை காப்பிகூட வாங்காமல் போவது அந்த ஊருக்கு நியாயமில்லை. தக்காளி, உருளைக்கிழங்கு, வெங்காயம் போட்டு அந்தக் கிளிப்ஃபிஸ்கைச் சமைத்த பக்கலாவ் ஒரு தட்டு வாங்கிப் பகிர்ந்து சாப்பிடுங்கள். பிள்ளைகளுக்கு வாஃபிளும் பழுப்புச் சீஸும். விலை அதிகம்தான், தண்ணீருக்கு மட்டும் காசு கொடுக்காதே, குழாய்த் தண்ணீரே நல்லது. கார்ட் எங்கும் செல்லும், நோட்டு மாற்ற வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை என்றால் பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும்.

வெயில் தெளிந்திருந்தால் அக்ஸ்லா குன்றில் ஏறுங்கள். நகரப் பூங்காவிலிருந்து 418 படிகள். அம்மாவைப் படியில் ஏற்றாதே. உச்சிவரை பாதை இருக்கிறது. ஊர் சுற்றிக் காட்டும் சிறு ரயில்வண்டியிலோ டாக்சியிலோ அவவோடு ஒருவர் போகட்டும். மேலே நின்றால் தீவுகளும் அவற்றுக்கு நடுவே ஊரும் தெரியும். எரிந்த பகுதி எவ்வளவு பெரியது என்பதை அங்கிருந்துதான் அளக்க முடியும்.

சில காரியங்களில் கண்டிப்பாக இரு. ஜூன் என்று நம்பி மெல்லிய உடுப்போடு இறங்காதே. மழையும் காற்றும் ஒரே மணி நேரத்தில் வந்து போகும் கரை அது. குடை காற்றில் நிற்காது, மழைச்சட்டை வேண்டும். அந்த அழகான வீடுகளில் ஆட்கள் குடியிருக்கிறார்கள். ஜன்னலுக்குள் எட்டிப் பார்க்கவோ, தெருவில் விளையாடும் பிள்ளைகளைப் படம் எடுக்கவோ கூடாது. கப்பலின் மணியும் ஊரின் மணியும் ஒன்றா என்று இறங்கும் முன்பே பார். புறப்படும் நேரத்துக்கு அரை மணி முன்பே எல்லாரும் ஏறிவிட வேண்டும் என்பார்கள். தனியாகச் சுற்றப் போனவர்களுக்காகக் கப்பல் காத்திருக்காது. அந்த நேரத்துக்கும் ஒரு மணி முன்பே துறைமுகத்தில் இரு.

மருமகளே, பிள்ளைகளுக்குப் பயணத்தில் கொடுக்கக்கூடியது கண்ட இடங்களின் நீண்ட பட்டியல் அல்ல. ஒரே இரவில் எல்லாம் இழந்த மக்கள், பிறர் நீட்டிய கையைப் பிடித்து, முன்பு இருந்ததைவிட உறுதியாகத் தங்கள் ஊரைக் கட்டினார்கள். வீடும் ஊரும் விட்டு வந்த நம் குடும்பத்துப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டிய பாடம் இது. அதை அவர்களுக்கு அந்தத் தெருவிலேயே நின்று சொல்.

அன்புடன்,
மாமா