பெயரில் எஞ்சிய நிலையம்

மூணாற்றிலிருந்து வட்டவடைக்குச் செல்லும் சாலை, மாட்டுப்பட்டியையும் குண்டளையையும் கடந்து, ஏறத்தாழ 32 கிலோமீட்டர் தொலைவில் மலைவிளிம்பிலுள்ள ஓர் ஊரை அடைகிறது. அவ்வூரின் பெயர் டாப் ஸ்டேஷன். அங்கே தேநீர்க் கடைகள் உண்டு. பள்ளத்தாக்கைக் காண வருவோர் கூட்டமும் உண்டு. ஆனால் எந்த ஸ்டேஷனால் ஊர் இப்பெயர் பெற்றதோ, அந்த ஸ்டேஷன் மட்டும் இல்லை.

கண்ணன் தேவன் மலைகளில் விளைந்த தேயிலையைக் கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்ப வேண்டும். அந்நாளில் அதற்கு ஏற்ற வழி கிழக்கே, போடிநாயக்கனூர்ப் பக்கம் இருந்தது. எனவே 1902இல் மூணாற்றிலிருந்து மலைவிளிம்பு வரை ஒற்றைத் தண்டவாளப் பாதை ஒன்று அமைக்கப்பட்டது. அதில் ஓடிய வண்டி விந்தையானது. அதன் சிறிய சக்கரம் தண்டவாளத்தின் மீதும் பெரிய சக்கரம் சாலையின் மீதும் உருளும். அதை இழுத்தவை காளைகள்! 1908இல் அப்பாதை மாற்றப்பட்டு, இரண்டடி அகலமுள்ள இருப்புப்பாதையில் சிறு புகைவண்டி ஓடத் தொடங்கியது. மூணாறு, மாட்டுப்பட்டி, பாலாறு ஆகிய இடங்களில் நிலையங்கள் எழுந்தன. பாதை முடியும் இடத்தில் இருந்ததே மேல்நிலையமாகிய டாப் ஸ்டேஷன்.

அதற்கு அப்பால் செங்குத்தான சரிவு. புகைவண்டி இறங்க இயலாத அச்சரிவில், தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி ஏறத்தாழ 5 கிலோமீட்டர் கீழிறங்கிக் கொட்டகுடியை அடைந்தன. அவ்விடம் பாட்டம் ஸ்டேஷன் எனப்பட்டது. இடைவழியில் இருந்தது சென்ட்ரல் ஸ்டேஷன். கொட்டகுடியிலிருந்து போடிநாயக்கனூர் வரை மாட்டுவண்டிப் பயணம். மேலே திருவிதாங்கூர் அரசு. கீழே சென்னை மாகாணம். தேயிலை ஓர் அரசின் நிலத்திலிருந்து மற்றோர் அரசின் நிலத்திற்கு வானத்திலேயே எல்லை கடந்தது எனலாம்.

இத்தோட்டங்களில் உழைத்தோர் பெரும்பாலும் தமிழர். பெட்டி இறங்கிய அதே மலைச்சரிவில், பிழைப்புத் தேடி மேலேறி வந்த குடும்பங்கள் பல. பெட்டிக்குக் கம்பிவடம் இருந்தது. அவர்களுக்குக் கால்கள் இருந்தன.

1924ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் பெருமழை கொட்டியது. கொல்லம் ஆண்டு 1099இல் நிகழ்ந்ததால், கேரள மக்கள் அதனை இன்றும் 'தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்' என்பர். மலைகள் சரிந்தன; மூணாறு நகரம் சிதைந்தது; இருப்புப்பாதை அழிந்தது. தண்டவாளம் மீண்டும் இடப்படவே இல்லை. ஆலுவாயிலிருந்து மூணாற்றுக்கு வந்த பழைய சாலையும் அழிந்துபோனதால், 1931இல் நேரியமங்கலம் வழியாகப் புதிய சாலை திறக்கப்பட்டது. போக்குவரத்து மேற்கே திரும்பியது. மேல்நிலையத்தின் தேவை குறைந்தது. காலப்போக்கில் கம்பிவடமும் ஓய்ந்தது.

மூணாற்றில் நிலையமாக இருந்த கட்டடம் பிற்காலத்தில் தேயிலை நிறுவனத்தின் அலுவலகமாயிற்று. அங்கே கட்டடம் நிலைத்தது. நிலையம் என்ற பெயர் மறைந்தது. மலைவிளிம்பிலோ கட்டடம் மறைந்தது, பெயர் நிலைத்தது. அரசாணையோ கல்வெட்டோ அப்பெயரைக் காக்கவில்லை. அன்றாடம் அதைச் சொல்லி வந்த மக்களின் நாவே காத்தது. குரங்கணியிலிருந்து மலையேறுவோர் இன்றும் 'சென்ட்ரல்' தாண்டித்தான் 'டாப்' சேர்கின்றனர்.

அருஞ்சொற்பொருள்
விளிம்பு – ஓரம். இருப்புப்பாதை – இரயில் பாதை. கம்பிவடம் – முறுக்கிய இரும்புக் கயிறு. எஞ்சிய – மீதமுள்ள

பயிற்சி
1. 1902இல் அமைந்த பாதையில் வண்டி எவ்வாறு ஓடியது?
2. 'பெட்டிக்குக் கம்பிவடம் இருந்தது; அவர்களுக்குக் கால்கள் இருந்தன' – இத்தொடர் உணர்த்துவது யாது?
3. உம் குடும்பத்தார் சொந்த ஊரிலிருந்து முதன்முதலில் எவ்வழியே, எதில் பயணம் செய்து வந்தனர் என வீட்டுப் பெரியோரிடம் கேட்டுப் பத்து வரிகளில் எழுதுக. அவ்வழியில் இன்று இல்லாத கட்டடம் ஏதேனும் இருப்பின், அதன் பெயரையும் குறிப்பிடுக.