செலவு செய்த பிறகும் சத்தமா?

ஹெட் வேலை, டைமிங் செயின், கிளட்ச் என்று கை நிறையப் பணம் கொடுத்து வண்டியை எடுத்து வருகிறோம். மறுநாள் காலை ஸ்டார்ட் செய்தால், இதுவரை கேட்காத சத்தம் ஒன்று பானெட்டுக்குள் இருந்து வருகிறது. அந்தக் கணத்தில் வயிறு கலங்காதவர் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் முதல் பெட்ரோல் பங்க் ஊழியர் வரை ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். அந்த யோசனைகளில் அடிக்கடி காதில் விழுபவற்றைப் பார்ப்போம்.

நம்பிக்கை: ஓடி ஓடித் தானாகவே செட் ஆகிவிடும்.

உண்மை: ஓரிடத்தில் மட்டும் இது சரி. ஹைட்ராலிக் டேப்பட் உள்ள இன்ஜினைப் பிரித்துப் பூட்டும்போது, டேப்பட்டுக்குள் இருந்த ஆயில் வடிந்து காற்று புகுந்திருக்கும். முதல் ஸ்டார்ட்டில் ‘டிக் டிக்’ என்று அடித்துவிட்டு, ஆயில் ஏறியதும் சில நிமிடங்களில் அடங்கிவிடும். ஆனால் பேரிங் தட்டுவதும் செயின் உரசுவதும் ஓட ஓடக் குறையாது, தேய்மானம்தான் கூடும். குறைந்துகொண்டே வரும் சத்தத்துக்குக் காத்திருக்கலாம். அப்படியே நிற்கும் சத்தத்துக்கும், நாளுக்கு நாள் கூடும் சத்தத்துக்கும் காத்திருக்கக் கூடாது. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க அடியில் இருந்து ‘டொக் டொக்’ என்று கனமாகத் தட்டினாலோ, ஆயில் லைட் எரிந்தாலோ, பக்கத்து ஒர்க்‌ஷாப் வரைக்கும்கூட ஓட்ட வேண்டாம். இன்ஜினை அங்கேயே அணைத்துவிட்டு, வண்டியைக் கட்டி இழுத்துச் செல்லுங்கள்.

நம்பிக்கை: வேலை பார்த்த பிறகு வந்த சத்தம் என்றால், உள்ளே எதையோ பெரிதாகக் கெடுத்துவிட்டார்கள்.

உண்மை: கழற்றிய இடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஆனால் காரணம் பல நேரம் சின்னதாக இருக்கும். இன்ஜினுக்கு அடியில் உள்ள கவரில் ஒரு போல்ட் விடுபட்டிருந்தால் குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் தகரம் அதிரும். இன்ஜின் மவுண்டிங் சரியாக உட்காராவிட்டால் கியர் போடும்போது ‘தொப்’ என்று இடிக்கும்.

பலரை ஏமாற்றுவது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பேக்கிங்கில் விழும் கசிவு. அது அப்படியே டேப்பட் சத்தம் போலவே கேட்கும். காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது உரக்கக் கேட்டு, சூடேறி உலோகம் விரிந்ததும் குறையும். டார்ச் அடித்து அந்த இணைப்பைப் பாருங்கள். புகை வெளியேறும் இடத்தில் கரிக்கோடு படிந்திருந்தால் விஷயம் விளங்கிவிடும். ஹெட்டைத் திரும்ப இறக்காமலேயே ஒரு பேக்கிங்கில் முடிகிற வேலை அது.

இன்னொன்றும் உண்டு. பழைய பெரிய சத்தத்துக்கு அடியில் அமுங்கிக் கிடந்த சின்னச் சத்தம், பெரியது போனதும் வெளியே கேட்கத் தொடங்கும். அதற்கு மெக்கானிக் பொறுப்பல்ல.

நம்பிக்கை: கொஞ்சம் கெட்டியான ஆயில் ஊற்றினால் அடங்கிவிடும்.

உண்மை: அடங்கலாம், ஆனால் கோளாறு அப்படியேதான் இருக்கும். 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 என்று தயாரிப்பாளர் கையேட்டில் தரும் அளவை மனம்போல் மாற்ற முடியாது. டைமிங் செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர், வால்வு நேரத்தை மாற்றும் அமைப்பு, டர்போ எல்லாமே ஆயில் வேகமாக வந்து சேர்வதை நம்பி இருப்பவை. கெட்டி ஆயில் குளிர்ந்த இன்ஜினில் மெதுவாகவே ஏறும். சத்தம் வந்ததும் செய்ய வேண்டியது டிப்ஸ்டிக்கை இழுத்து அளவு பார்ப்பதும், என்ன ஆயில் ஊற்றினார்கள் என்று பில்லில் பார்ப்பதும்தான்.

நம்பிக்கை: சத்தமே இல்லாத இன்ஜின்தான் நல்ல இன்ஜின்.

உண்மை: டேப்பட் இடைவெளியைக் கையால் சரிசெய்யும் இன்ஜின்களில் லேசான டிக் டிக் இயல்பு. அதைக்கூடப் பொறுக்காமல் இடைவெளியை இறுக்கினால், வால்வு முழுதாக மூடாமல் சூடேறிக் கருகும். சி.என்.ஜி. வண்டிகளில் வால்வு உட்காரும் சீட் தேயத் தேய இடைவெளி குறைந்துகொண்டே வரும். அதாவது சத்தம் குறையும், ஆபத்து கூடும். “சத்தத்தை நிறுத்திக் கொடுங்கள்” என்று வற்புறுத்தாதீர்கள். “கையேட்டு அளவுக்கு வைத்துக் கொடுங்கள்” என்று கேளுங்கள்.

நம்பிக்கை: ஸ்கேனரில் எரர் கோடு வரவில்லை, அதனால் கோளாறு இல்லை.

உண்மை: சென்சார் அளக்கும் விஷயங்கள்தான் ஸ்கேனருக்குத் தெரியும். தளர்ந்த தகரமும் தேய்ந்த பேரிங்கும் எரர் கோடு எதையும் பதியாமலேயே சத்தம் போடும். நீள ஸ்குரூடிரைவரின் நுனியை இன்ஜின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்கும் மெக்கானிக்கைப் பழைய காலத்து ஆள் என்று ஒதுக்காதீர்கள். எந்த மூலையில் சத்தம் என்பதை அது காட்டிக் கொடுக்கும். ஆனால் டீசல் வண்டியில் புது இன்ஜெக்டர் போட்டிருந்தால் ஸ்கேனர் வேறு விதத்தில் அவசியம். பல காமன் ரெயில் இன்ஜின்களில் ஒவ்வொரு இன்ஜெக்டரின் மேலும் ஓர் எண் பொறித்திருக்கும். அதைக் கணினியில் பதிய வேண்டும். பதியாமல் விட்டால் டீசல் அளவு தவறி இன்ஜின் தட்டலாம்.

நம்பிக்கை: இவர்களை நம்ப முடியாது, உடனே வேறு இடத்தில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

உண்மை: இன்னொருவரிடம் கருத்துக் கேளுங்கள், பிரிக்க மட்டும் விடாதீர்கள். இன்னொரு கை பட்ட பிறகு, யார் செய்த தவறு என்று காட்டுவது கடினம். சத்தத்தைக் கைபேசியில் பதிவு செய்யுங்கள்: குளிர்ந்த ஸ்டார்ட்டில் ஒன்று, சூடேறிய பின் ஐட்லிங்கில் ஒன்று. கிலோமீட்டரைக் குறித்துக்கொண்டு, வேலை செய்தவரிடமே போய்ப் புகாரை ஜாப் கார்டில் எழுதச் சொல்லி வாங்குங்கள்.

நம்பிக்கை: ‘வேலைக்குக் கேரண்டி இல்லை’ என்று பில்லில் அச்சடித்திருந்தால் அவ்வளவுதான்.

உண்மை: அந்த ஒரு வரி சட்டத்தை ரத்து செய்துவிடாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, காசு வாங்கிச் செய்யும் சேவையில் உள்ள குறைபாட்டுக்குப் பரிகாரம் தருகிறது. பில் தர மறுப்பதையும் அது நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. 1915 என்ற தேசிய உதவி எண்ணில் முதலில் முறையிடலாம். தீராவிட்டால் 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுவுக்குக் கட்டணமே கிடையாது. பிழைப்புக்காகச் சொந்தமாக வாடகைக் கார் ஓட்டுபவருக்கும் இந்த உரிமை உண்டு.

பெரிய பில் கட்டியவருக்கு இரண்டாவது முறை கேட்கக் கூச்சம் வரும், பயமும் வரும். இரண்டும் வேண்டாம். “சத்தம் போய்விட்டது, எடுத்துப் போங்கள்” என்ற பதிலோடு வண்டியை எடுக்காதீர்கள். எங்கிருந்து வந்தது, எதனால் வந்தது, என்ன செய்து நிறுத்தினார்கள் என்ற மூன்றையும் ஜாப் கார்டில் எழுதி வாங்குங்கள். காரணத்தைக் கண்டுபிடித்த மெக்கானிக் அதை எழுதித் தரத் தயங்க மாட்டார்.