விற்ற மைதானத்துக்கு வாடகை கட்டிய கழகம்

என் மகன் உதைபந்தாட்டப் பைத்தியம். எனக்கு அதில் பிடிப்பு குறைவு. ஆனால் ஜேர்மனியின் 'புண்டஸ்லீகா'வில் ஆடும் பொருசியா டோர்ட்முண்ட் கழகத்தின் கணக்கை அவன் சொல்லக் கேட்டபோது, "வாப்பா, என்ன யோசனை?" என்று அவனே கேட்குமளவுக்கு உட்கார்ந்துவிட்டேன்.

1997இல் ஐரோப்பாவின் சம்பியன் கிண்ணத்தை வென்ற கழகம் அது. 2000ஆம் ஆண்டு பங்குச் சந்தைக்கு வந்தது. ஜேர்மனியில் அப்படிச் செய்த முதல் கழகம் அதுதான். ஒரு பங்கு 11 யூரோ. வந்த பணத்தைக் கொண்டு பெரும் விலைக்கு வீரர்களை வாங்கினார்கள். 2002இல் லீக் பட்டமும் கிடைத்தது. அதே ஆண்டில் தமது மைதானத்தின் பெரும்பங்கை ஒரு முதலீட்டு நிதியத்துக்கு விற்று, அதிலேயே வாடகைக்கு ஆடத் தொடங்கினார்கள்.

எல்லாக் கணக்கும் ஒரு வரவை நம்பியே போடப்பட்டிருந்தது. ஆண்டுதோறும் சம்பியன்ஸ் லீக்கில் ஆடுவோம், தொலைக்காட்சிப் பணம் வரும் என்பதே அது. 2003இல் தகுதிச் சுற்றில் பெல்ஜியத்தின் புரூக் கழகத்திடம் பெனால்டியில் தோற்றார்கள். வரவு நின்றது. சம்பளமும் வாடகையும் நிற்கவில்லை.

இதிலே கவனிக்க வேண்டிய விஷயம், மைதானத்தில் சனம் குறையவில்லை. ஒரு போட்டிக்கு 70,000 பேருக்கு மேல் வந்தார்கள். கடை நிறைய ஆள், கல்லாவில் காசில்லை! நம்மில் எத்தனை பேருக்கு இது தெரிந்த கதை?

ஒரு கட்டத்தில் சம்பளம் கொடுக்க, போட்டிக் கழகமான பயேர்ன் மியூனிக் பிணையின்றி 2 மில்லியன் யூரோ கடன் கொடுத்தது. வீரர்கள் சம்பளத்தில் 20 வீதம் விட்டுக்கொடுத்தார்கள். 2005 மார்ச் 14ஆம் திகதி டுசல்டோர்ஃப் விமான நிலைய மண்டபத்தில் அந்த நிதியத்தின் முதலீட்டாளர்கள் கூடி, வாடகையைத் தள்ளிப்போட இணங்கியிராவிட்டால் கழகம் திவாலாகியிருக்கும். புண்டஸ்லீகாவில் ஒவ்வொரு பருவத்துக்கும் முன்னர் கணக்கைக் காட்டி அனுமதிப் பத்திரம் எடுக்க வேண்டும். காட்டக் கணக்கில்லாதவனுக்கு ஆட்டமில்லை.

2006இல் மைதானத்தை மீள வாங்கினார்கள், அதுவும் கடனெடுத்துத்தான். பின்னர் விலை குறைந்த இளம் வீரர்களை வைத்தே 2011, 2012 இரு ஆண்டுகளும் பட்டம் வென்றார்கள்.

நானும் ஒருமுறை பெருநாள் சீசனை நம்பி, பின்திகதியிட்ட செக்குகளுக்குத் துணிச்சரக்கு இறக்கினேன். செக்குகளைச் சரிக்கட்ட என் கடை அறையை விற்று, வாங்கியவரிடமே வாடகைக்கு இருந்தேன். மீள வாங்க இன்னும் முடியவில்லை. மாதம் முதலாம் திகதி வாடகைக்காரர் வருகிறார்.