கால்களை மட்டும் பார்க்காதே

அன்புள்ள செந்திலுக்கு,

அத்தை எழுதுவது. நீ வாட்ஸ்அப்பில் அனுப்பியதற்கு அதிலேயே பதில் போட்டிருக்கலாம். ஆனால் இவ்வளவையும் கட்டைவிரலால் தட்டிக்கொண்டிருக்க என்னால் ஆகாது. உட்கார்ந்து படி.

ஏழாம் மாதத்தில் பிறந்து, மூளையில் அடிபட்டு, இப்போது இரண்டரை வயதில் உன்னிடம் பிசியோதெரபிக்கு வரும் அந்தப் பையனைப் பற்றித்தான். "ஏன் சார் என்னைப் பார்த்துச் சிரிக்கவே மாட்டேங்கிறான்?" என்று அவன் அம்மா கேட்டதற்கு, "மூளையில அடிபட்டிருக்கும்மா, நடக்க ஆரம்பிச்சா எல்லாம் தானா வந்துரும்" என்று சொன்னதாக எழுதியிருந்தாய். முதல் பாதி உண்மை. இரண்டாவது பாதியைச் சொல்ல உனக்கு யார் உரிமை கொடுத்தது?

நான் சிறப்பாசிரியராக இருந்த காலமெல்லாம் மூளை முடக்குவாதக் குழந்தைகளோடுதான் இருந்தேன். தலை நிற்காது, எச்சில் ஒழுகும், ஸ்பூனைப் பிடிக்க முடியாது. ஆனாலும் அம்மா வாசலில் தலைகாட்டினால் போதும், உடம்பு முழுக்கச் சிரிக்கும். பக்கத்துப் பிள்ளைக்கு முதலில் சோறு ஊட்டினால் முறைக்கிறவர்களும் உண்டு. மூளையில் அடிபட்டதால் மட்டும் மனிதர்களைத் தேடும் ஆசை போய்விடாது. அது தென்படவில்லை என்றால் அதைத் தனிக் கேள்வியாகக் கேட்க வேண்டும். ஸ்கேன் ரிப்போர்ட்டைக் காட்டி வாயடைக்கக் கூடாது.

அமெரிக்காவில் 2008-ல் 8 வயதுப் பிள்ளைகளைக் கணக்கெடுத்தார்கள். மூளை முடக்குவாதம் உள்ளவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 7 பேருக்கு ஆட்டிசமும் இருந்தது. அப்போது அங்கே பொதுவில் அது நூற்றுக்கு ஒருவர் அளவில்தான். விறைப்பாக இருக்கும் பிள்ளைகளைவிட, தளர்ந்து தொய்ந்திருக்கும் பிள்ளைகளிடம் இன்னும் அதிகம். "சமத்துப் பிள்ளை, படுக்கவைத்த இடத்திலேயே கிடப்பான்" என்று நாம் கடந்துபோகும் பிள்ளைகள் அவர்கள்தான்.

சிறுமூளை என்றால் உனக்குத் தள்ளாட்டமும் சமநிலையும்தான் நினைவுக்கு வரும். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் சாம் வாங் குழு 2014-ல் பழைய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. பிறக்கும் சமயத்தில் சிறுமூளையில் அடிபட்டால் ஆட்டிசத்துக்கான வாய்ப்பு ஏறத்தாழ 36 மடங்கு கூடுகிறது என்று கணக்கிட்டது. அந்த எண்ணுக்கு அடியில் இருப்பவை சிறிய ஆய்வுகள், அதனால் எண்ணைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளாதே. ரிப்போர்ட்டில் சிறுமூளை என்று பார்த்தால் அந்தப் பிள்ளையைக் கூடுதலாகக் கவனி, அது போதும்.

இதைப் படித்த வேகத்தில் நாளைக்கே அந்த அம்மாவிடம் "ஆட்டிசம்" என்று சொல்லிவைக்காதே. ஆட்டிசம் இருக்கலாமா என்று பார்க்கப் பொதுவாகப் பயன்படுத்தும் எம்-சாட் தாளில் உள்ள 20 கேள்விகளில் ஒன்று, குழந்தை நடக்கிறதா? இன்னும் இரண்டு, விரலால் சுட்டிக்காட்டுகிறதா? கை மடங்கி இறுகிப்போன பிள்ளை எங்கே போய்ச் சுட்டிக்காட்டும்? 28 வாரத்துக்கு முன்பே பிறந்த குழந்தைகளை அமெரிக்காவில் 2 வயதில் இதே தாளின் முந்தைய வடிவத்தை வைத்துச் சோதித்தார்கள். 21 சதவீதம் பேர் சந்தேகப் பட்டியலில் விழுந்தார்கள். நடை, கண், காது, அறிவு வளர்ச்சியில் குறை உள்ளவர்களைக் கழித்ததும் அது 10 ஆனது. தாள் கேட்டது ஒன்று, அளந்தது வேறொன்று.

ஆகவே முதலில் கண். குறைமாதக் குழந்தைக்குக் கண் நன்றாக இருந்தும் மூளையால் பார்வையை வாங்கிக்கொள்ள முடியாமல் போகும். பிறந்த உடனே சர்க்கரை குறைந்து மூளையின் பின்பக்கம் பாதித்த குழந்தைகளும் அப்படித்தான். முகத்தைப் பார்க்காது, பொம்மையை எடுக்கும்போது தலையைத் திருப்பிக்கொள்ளும். ஆட்டிசம் மாதிரியே தெரியும். அடுத்தது காது, மஞ்சள் காமாலை கடுமையாக வந்த பிள்ளைக்குக் கட்டாயம். பிறகு வலிப்பு. திடீரென முன்னால் குனிந்து கைகளை விரிக்கும், வரிசையாகப் பல தடவை. வீட்டில் வயிற்றுவலி என்பார்கள், பயந்துகொண்டான் என்பார்கள். சில நொடி வீடியோ எடுக்கச் சொல், அன்றைக்கே மருத்துவரிடம் காட்டு. மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் குழந்தை மருத்துவர், உளவியலாளர், கண், காது பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் இருப்பது இதற்குத்தானே.

நீயே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. பையனை மூலை நாற்காலியில் இடுப்பைக் கட்டி, பாதம் பலகையில் படும்படி உட்காரவை. விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் இருக்கும் பிள்ளை உன்னைப் பார்க்காது. ஃபேனை நிறுத்து, ரேடியோவையும். அவன் கண்மட்டத்துக்கு உட்கார்ந்து சோப்புக் குமிழி ஊது. நாலைந்து தடவை ஊதிவிட்டு, குச்சியை வாய்ப்பக்கம் வைத்தபடி சும்மா இரு. வாய் திறக்காதே, பத்து எண்ணு. மூளை முடக்குவாதப் பிள்ளைக்கு எதையும் செய்ய நேரம் பிடிக்கும். குச்சியைப் பார்த்து, உன் முகத்தைப் பார்த்து, திரும்பக் குச்சியைப் பார்த்தால் அவன் கண்ணாலேயே சுட்டிக்காட்டிவிட்டான். உன் முகத்தைப் பார்க்காமல் உன் மணிக்கட்டை மட்டும் பிடித்துக் குச்சியை நோக்கித் தள்ளினால் அதைக் குறித்துவை. ஒரு நாள் பார்த்து முடிவுகட்டாதே. பசியிலும் மருந்து மயக்கத்திலும் எந்தப் பிள்ளையும் இப்படித்தான் இருக்கும்.

குதிகால் தூக்கி நடப்பதை வைத்தும் உடனே முடிவுகட்டாதே. விறைப்பாலும் வரும், விறைப்பே இல்லாமல் ஆட்டிசத்திலும் வரும். கணுக்காலை மெதுவாக மடக்கிப் பார்த்துச் சொல்ல உன்னைவிடத் தகுந்த ஆள் அங்கே யார்?

"மூளை முடக்குவாதம், ஆட்டிசம் என்று இரண்டு பெயர் வைத்து என்ன ஆகப்போகிறது?" என்று யாராவது கேட்பார்கள். நிறைய ஆகும். உன் மேஜையில் படுக்கவைத்ததும் அவன் வீறிடுவது அடம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாததும், ஸ்பிளின்டின் பட்டை தோலில் உரசுவதும் அவனுக்குத் தாங்கவே முடியாததாக இருக்கலாம். தினமும் ஒரே வரிசையில் செய். பாய், பந்து, நாற்காலி என்று படம் ஒட்டிக் காட்டு, முடிந்ததைக் கழற்று. பேச்சு வரும்வரை காத்திருக்காமல், வேண்டியதைக் கேட்க இப்போதே படங்களைக் கொடுக்கச் சொல். சென்னையில் உருவான 'ஆவாஸ்' முதலில் மூளை முடக்குவாதப் பிள்ளைகள் பேசுவதற்கான கருவியாக வந்தது, பிறகு செயலியாகி ஆட்டிசப் பிள்ளைகளிடமும் பரவியது. இந்தப் பையனுக்கு எப்படிப் பார்த்தாலும் பொருந்தும்.

ஆட்டிசமும் உறுதியானால், மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்கும்போது இரண்டும் பதிவாக வேண்டும். 2016-ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இரண்டுமே உண்டு, ஒன்றுக்கு மேல் இருப்பதற்கும் தனி இடம் உண்டு. தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், தெரபிச் செலவும் அதில் அடக்கம்.

கடைசியாக அந்த அம்மா ஸ்டெம் செல் ஊசி பற்றி விசாரித்ததாக எழுதியிருந்தாய். ஆட்டிசத்துக்கு அதைப் போடச் சொல்லி எழுதுவதும் விளம்பரம் செய்வதும் மருத்துவ ஒழுக்கத்துக்கு மாறானது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் வாரியம் 2022-லேயே சொல்லிவிட்டது. மூளையில் அடிபட்ட பிள்ளை என்று தெரிந்தால் விற்கிறவர்களுக்கு இன்னும் கொண்டாட்டம், செத்த செல்லை முளைக்கவைப்போம் என்பார்கள். அந்த அம்மாவின் நகை இன்னும் வீட்டில்தான் இருக்கிறதா, ஊசிச் செலவுக்காக அடகுக்குப் போய்விட்டதா என்று தெரியவில்லை. திங்கட்கிழமை வரட்டும் என்று இருக்காமல் இன்றைக்கே போன் போட்டுப் பேசு. வீட்டுக்காரரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்கச் சொல்.

அன்புடன்,
அத்தை