மலையும் மிதிவண்டியும்

மாந்தர் கண்ட ஊர்திகளுள் மிதிவண்டி மிக எளியது. அதற்குத் தீனி வேண்டுவதில்லை. எண்ணெய் எரிக்க வேண்டுவதில்லை. ஏறி அமர்ந்தவரின் கால்வலிமையே அதனை உந்திச் செல்லும் ஆற்றலாகும். செம்மையான சாலையில் அது காற்றெனச் செல்லும். ஆயினும், சாலை முடிந்து மலைச்சரிவு தொடங்கும் இடத்தில் அதன் பெருமையும் முடிந்துவிடும் என்றே பலர் நெடுங்காலம் கருதி வந்தனர். கல்லும் வேரும் பள்ளமும் நிறைந்த மலைப்பாதைக்கென்றே ஒரு மிதிவண்டி தோன்றி உலகெங்கும் பரவியது சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியிலேயாம். அதனைத் தோற்றுவித்தவை பெருந்தொழிற்சாலைகள் அல்ல. மலையை விரும்பிய சில நண்பர்களின் கைகளே.

அமெரிக்க நாட்டின் மேற்குக் கரையில் உள்ளது கலிபோர்னியா மாநிலம். அங்குள்ள சான்பிரான்சிஸ்கோ நகரிலிருந்து கோல்டன் கேட் என்னும் தொங்குபாலத்தின் வழியே வடக்கு நோக்கிச் சென்றால் மரின் மாவட்டத்தை அடையலாம். அம்மாவட்டத்தில் 2,571 அடி உயரமுள்ள டாமல்பயஸ் மலை ஓங்கி நிற்கிறது. அம்மலையிலும் அதனை அடுத்த குன்றுகளிலும் காட்டுத்தீயை அணைக்கச் செல்லும் வண்டிகளுக்கென வெட்டப்பட்ட மண்பாதைகள் பல உண்டு. 1970-களில் அப்பகுதி இளைஞர் சிலர் அப்பாதைகளில் மிதிவண்டி ஓட்டத் தொடங்கினர். அவர்களுள் பலர் சாலைப் பந்தயங்களில் பழகியவர்கள். ஆனால், மெல்லிய டயர் பூண்ட பந்தய வண்டி மலைப்பாதையின் கற்களைத் தாங்கவில்லை. ஆகவே, அவர்கள் பழைய பொருள்களிடையே தேடி, 1930-களிலும் 1940-களிலும் செய்யப்பட்ட வண்டிகளை எடுத்தனர். அவை பருத்த டயரும் கனத்த இரும்புச் சட்டமும் உடையவை. ஓசையெழ ஓடிய அவ்வண்டிகளைக் கிளங்கர் என்று அவர்கள் அழைத்தனர்.

அவ்வண்டிகளின் உறுதி பெரிது. குறைகளோ அதனினும் பெரியவை. அவற்றுள் பலவற்றிற்குக் கைப்பிடியில் பிரேக் இல்லை. மிதியைப் பின்னோக்கி மிதித்தால், பின்சக்கரத்தின் குடத்துள் அமைந்த பிரேக் அழுந்தி வண்டியை நிறுத்தும். தெருவில் அது போதும். செங்குத்தான சரிவிலோ, விடாமல் அழுத்தவேண்டியிருந்தமையால் உராய்வு மிகுந்து குடம் கொதித்தது. உள்ளே இருந்த கிரீஸ் உருகிப் புகையாய் வெளிப்பட்டது. ஒருமுறை இறங்கியபின் குடத்தைப் பிரித்து மீண்டும் கிரீஸ் அடைத்தால்தான் அடுத்தமுறை ஓட்ட இயலும். பேர்பாக்ஸ் என்னும் சிற்றூரின் அருகிலுள்ள ஒரு பாதை இரண்டு மைல் தொலைவிற்குள் ஏறத்தாழ 1,300 அடி கீழிறங்குவது. அங்கு இறங்கிய ஒவ்வொரு முறையும் இவ்வேலை நேர்ந்தமையால், மீண்டும் அடைத்தல் எனப் பொருள்படும் ரீபேக் என்னும் சொல்லே அப்பாதைக்குப் பெயராயிற்று.

நம்முள் விரைந்து இறங்குபவர் யார் என்னும் வழக்கு நண்பர்களிடையே எழுந்தது. அதனைத் தீர்க்க 1976-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள் அப்பாதையில் முதற்பந்தயம் நடைபெற்றது. ஒருவர் பின் ஒருவராக இடைவெளி விட்டு ஓட்டுநர்கள் அனுப்பப்பட்டனர். அன்று வென்றவர் ஆலன் பாண்ட்ஸ் என்பவர். சார்லி கெல்லி அப்பந்தயங்களை முன்னின்று நடத்தினார். வெண்டி கிராக் என்னும் பெண்மணி அவர்களோடு தாமும் வண்டியோட்டி, அந்நாளைய காட்சிகளை ஒளிப்படங்களாக எடுத்து வைத்தார். பின்னர் நடந்த ஒரு பந்தயத்தில் கேரி பிஷர் என்பவர் 4 நிமிடம் 22 நொடியில் கீழிறங்கினார். அப்பாதையில் அதனினும் குறைந்த நேரத்தை அப்பந்தயங்களில் எவரும் எட்டவில்லை.

பந்தயத்தின் பயன் வெற்றி தோல்வியோடு முடியவில்லை. ஒவ்வொரு முறையும் வண்டியில் ஏதேனும் ஒன்று முறிந்தது அல்லது வளைந்தது. முறிந்தது எது என்று கண்டு, அதனினும் உறுதியான ஒன்றைத் தேடி அவர்கள் பொருத்தினர். பிரேக் கொதித்தது; இருவர் ஓட்டும் மிதிவண்டிகளில் பயன்பட்ட வலிய பிரேக்கைப் பூட்டினர். கைப்பிடியில் இருந்த பிடி வளைந்தது. மோட்டார் சைக்கிளின் பிடியை எடுத்து வைத்தனர். மேட்டில் ஏற இயலாமல் வண்டியைத் தள்ளிச் செல்ல நேர்ந்தது. பல பற்சக்கரங்களை அமைத்துச் சங்கிலி ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குத் தாவுமாறு செய்தனர். இறுதியில் பழைய சட்டமே முறியத் தொடங்கவே, ஜோ பிரீஸ் என்பவர் மலைக்கென்றே புதிய சட்டமொன்றை 1977-ஆம் ஆண்டில் தம் கையால் அமைத்தார். 1979-ஆம் ஆண்டில் கெல்லியும் பிஷரும், டாம் ரிச்சி அமைத்த சட்டங்களைக் கொண்டு, இத்தகைய வண்டிகளை விற்கும் தொழிலைத் தொடங்கினர். 1981-ஆம் ஆண்டில் ஸ்பெஷலைஸ்டு என்னும் நிறுவனம் தொழிற்சாலையில் மிகுதியாகச் செய்த ஸ்டம்ப்ஜம்பர் வண்டி கடைகளுக்கு வந்தது. 1996-ஆம் ஆண்டு அட்லாண்டா நகரில் நிகழ்ந்த ஒலிம்பிக் விளையாட்டுகளில் மலைமிதிவண்டிப் பந்தயமும் இடம்பெற்றது. முதற்பந்தயம் நடந்து இருபது ஆண்டுகளே அப்போது கழிந்திருந்தன.

அந்நண்பர்கள் கைக்கொண்ட முறை இன்று வண்டியும் துணைக்கருவியும் வாங்குவோர்க்கும் நல்வழி காட்டுவதாகும். அவர்கள் கருவியை அழகு கருதித் தேர்ந்தெடுக்கவில்லை. எந்நிலத்தில், எப்பணிக்கு அது வேண்டும் என்று கேட்டே தேர்ந்தெடுத்தனர். இக்காலக் கடைகளில் முன்சக்கரத்திற்கு மட்டும் அதிர்ச்சிதாங்கி உள்ள வண்டியும், இரு சக்கரங்களுக்கும் அதிர்ச்சிதாங்கி உள்ள வண்டியும் கிடைக்கின்றன. பின்னது பாறைகள் மிகுந்த சரிவிற்கு ஏற்றது. ஆனால், விலையும் எடையும் மிகுந்தது. மெல்லிய ஏற்ற இறக்கமுள்ள காட்டுவழியில் செல்வோர்க்கு முன்னதே போதும். விலை எதுவாயினும், ஓட்டுபவரின் உடலளவிற்குப் பொருந்தாத வண்டி நல்ல வண்டியாகாது. ஆதலின், முதலில் சட்டத்தின் அளவையும், அடுத்துப் பிரேக்கையும், அதன்பின் டயரையும் பார்த்தல் வேண்டும்.

டயரில் அடைக்கும் காற்றிலும் அளவறிதல் வேண்டும். காற்று மிகுந்தால், டயர் கல்மீது பட்டுத் துள்ளும், பிடிப்புக் குறையும். சற்றே குறைத்தால், அது நிலத்தின் மேடுபள்ளங்களுக்கு இசைந்து நன்கு பற்றிக்கொள்ளும். அளவின்றிக் குறைத்தாலோ, கூரிய கல்லுக்கும் சக்கர விளிம்பிற்கும் இடையே சிக்கி உள்ளிருக்கும் டியூப் கிழிந்துவிடும். அப்போது பாம்பு தீண்டியதுபோல் அடுத்தடுத்து இரு துளைகள் தோன்றும்.

எல்லாவற்றினும் இன்றியமையாதது தலைக்கவசம். அதன் உட்புறம் உள்ள நுரைப்பொருள் தான் நசுங்கி, தலைக்கு வரும் அதிர்ச்சியை ஏற்றுக்கொள்கிறது. ஒருமுறை நசுங்கிய பொருள் மறுமுறை அவ்வாறு காக்காது. ஆகவே, விழுந்து அடிபட்ட கவசத்தில் வெளியே வெடிப்புத் தோன்றாவிடினும் அதனை நீக்கிப் புதியதைக் கொள்ளல் வேண்டும். வண்டியில் சிக்கனம் காட்டலாம். தலைக்கவசத்திலும் பிரேக்கிலும் காட்டுதல் அறிவுடைமை ஆகாது.

பகலில் ஓட்டிப் பழகிய குழுவினர் சிலர் இரவிலும் மலைவழிச் செல்வதுண்டு. குளிர்காலத்தில் மாலையே இருண்டுவிடும் நாடுகளில், பகலெல்லாம் பணிபுரிவோர்க்கு இரவுப்பொழுதே வாய்க்கிறது. நன்கு அறிந்த பாதையும் இரவில் புதியதாய்த் தோன்றும். தொலைவிலுள்ள மலைமுகடும் பள்ளத்தாக்கும் மறைந்து, விளக்கொளி விழும் சில அடி நிலமே உலகமாகிவிடும். அவ்வின்பத்தை நாடுவோர் அதிலுள்ள இடரையும் அறிந்திருத்தல் வேண்டும்.

இரவில் செல்வோர் கைப்பிடியில் ஒன்றும் தலைக்கவசத்தில் ஒன்றுமாக இரு விளக்குகள் கொள்வர். இஃது ஆடம்பரம் அன்று. தலைமேல் உள்ள விளக்கு கண்ணுக்கு அண்மையில் இருப்பதால், அதன் ஒளியில் கற்களின் நிழல் ஓட்டுபவருக்கு நன்கு புலப்படாது. மேடும் பள்ளமும் ஒரே சமனாய்த் தோன்றி ஏமாற்றும். கைப்பிடி விளக்கின் ஒளியோ தாழ்விலிருந்து செல்வதால், நிழல்கள் நீண்டு விழுந்து கல்லின் உயரத்தையும் குழியின் ஆழத்தையும் காட்டும். ஆனால், அது வண்டி நோக்கும் திசையை மட்டுமே காட்டவல்லது. வளைவில் திரும்புமுன் அவ்வளைவின் அப்புறத்தைக் காண, தலையோடு திரும்பும் விளக்கே உதவும். மேலும், இறக்கத்தில் ஒரு விளக்கு அணைந்தால், மற்றொன்று உயிர்காக்கும்.

மின்கலம் குளிரில் தன் முழு ஆற்றலையும் தருவதில்லை. ஆகவே, ஒரு மணி நேரம் எரியும் விளக்கை நம்பி ஒரு மணி நேர வழியில் செல்லலாகாது. மெல்ல ஏறும்போது ஒளியைத் தணித்து, இறங்கும்போது பெருக்குவது அறிந்தோர் வழக்கம். நண்பரோடு பேசுங்கால் தலைவிளக்கின் ஒளி அவர் முகத்தில் விழாதவாறு தலையைத் தாழ்த்துவர். இருளுக்குப் பழகிய கண் பேரொளியில் ஒருமுறை கூசினால், மீண்டும் பழகப் பல நிமிடங்கள் ஆகும். அக்கண்ணோடு புறப்படுபவர் பள்ளத்தைக் காணமாட்டார்.

எத்துணை நல்ல விளக்காயினும் அது தோழருக்கு ஈடாகாது. மலையில் ஒருவர் தனியே விழுந்து கால் முறிந்தால், அவருடைய குரல் எட்டும் தொலைவில் எவரும் இருப்பதில்லை. தொலைபேசியும் பள்ளத்தாக்குகளில் பலவேளை பயன்படாது. ஆதலால், குழுவாகச் செல்வோர் சில ஒழுங்குகளை மேற்கொள்வர். புறப்படுமுன் எத்தனை பேர் என்று எண்ணிக்கொள்வர். வழி தெரிந்த ஒருவர் முன்னும், பழுது பார்க்கத் தெரிந்த ஒருவர் இறுதியிலும் செல்வர். பாதை பிரியும் ஒவ்வோரிடத்திலும் முன்சென்றவர் நின்று, பின்வருபவர் கண்ணிற்படும் வரை காத்திருப்பர். பம்பும் மாற்று டியூப்பும் சங்கிலி கோக்கும் கருவியும் முதலுதவிப் பொருள்களும் குழுவில் இருத்தல் வேண்டும். அவை யாரிடம் உள்ளன என்பதை அனைவரும் அறிந்திருத்தலும் வேண்டும்.

இவ்வொழுங்குகளுள் நுண்ணியது ஒன்று உண்டு. முன்னே சென்றவர் மேட்டின்மேல் அமர்ந்து இளைப்பாறுவர். பின்தங்கியவர் மூச்சிரைக்க வந்து சேர்ந்த அந்நொடியே, “வந்துவிட்டார், புறப்படுவோம்” என்று அவர்கள் எழுந்துவிட்டால், ஓய்வு மிகத் தேவைப்படுபவருக்கே அது கிடைக்காமற்போகிறது. களைத்த கை பிரேக்கை இறுகப் பற்றாது. களைத்த மனம் வளைவைத் தவறாய்க் கணிக்கும். இறக்கத்தில் நேரும் விபத்து சிலவேளை மேட்டிலேயே தொடங்கிவிடுகிறது. ஆகவே, கடைசியாக வந்தவர் போதிய அளவு ஓய்ந்து, “புறப்படலாம்” என்று சொன்னபின்னரே மற்றவர் எழுதல் முறையாகும். குழுவின் விரைவு அதன் வல்லவரால் அன்று, அதன் மெல்லியவரால் அளக்கப்படுதல் வேண்டும்.

தோழமை குழுவோடு நின்றுவிடவும் கூடாது. மலைப்பாதை வண்டியோட்டுவோர்க்கு மட்டும் உரியதன்று. அதில் நடந்து செல்வோரும் குதிரையில் செல்வோரும் உண்டு. மலைமிதிவண்டி பிறந்த மரின் மாவட்டத்திலேயே, பின்னாளில் வளைவுகளில் விரைந்து வந்த வண்டிகளைக் கண்டு மற்றவர் அஞ்சினர், குதிரைகள் மிரண்டன. அதன் விளைவாக ஒடுங்கிய பாதைகள் பல வண்டிகளுக்கு மூடப்பட்டன. அகன்ற பாதைகளில் மணிக்கு 15 மைல் என விரைவு வரையறுக்கப்பட்டது. சிலருடைய விரைவிற்காகப் பலர் பாதையை இழக்க நேர்ந்தது. இந்நிலையை மாற்றும் பொருட்டு, கலிபோர்னியா மாநிலத்துச் சங்கங்கள் சில ஒன்றுசேர்ந்து 1988-ஆம் ஆண்டில் பன்னாட்டு மலைமிதிவண்டிச் சங்கத்தை நிறுவின. நடப்போர்க்கும் குதிரையில் வருவோர்க்கும் வழிவிடுதல், இறங்குபவர் ஏறுபவருக்கு வழிவிடுதல், மூடிய பாதையில் நுழையாமை, விலங்குகளை அச்சுறுத்தாமை ஆகியவற்றை அச்சங்கம் வலியுறுத்தி வந்தது. மழையில் நனைந்த பாதையில் சக்கரம் கீறிய தடம் அடுத்த மழையில் ஓடையாகி மண்ணை அரிக்கும். ஆதலின், ஈரம் காயும்வரை பொறுத்திருத்தலும், சிதைந்த பாதையை மண்வெட்டி கொண்டு தாமே செப்பனிடுதலும் நல்ல ஓட்டுநரின் கடமைகளாகக் கருதப்படுகின்றன. இரவில் செல்லலாகாது என்று விதித்த காடுகளில், எத்துணை ஒளியுள்ள விளக்கு இருப்பினும் செல்லாதிருப்பதும் அக்கடமையின்பாற்படும்.

ரீபேக் சரிவில் புகை கக்கிய பழைய வண்டிகள் இன்று அரும்பொருள்களாகிவிட்டன. அவற்றினும் சிறந்த வண்டிகள் எத்தனையோ வந்துவிட்டன, இனியும் வரும். ஆயினும், கொதித்த குடத்தைச் சுற்றி அமர்ந்து, ஒருவர் பிரிக்க, ஒருவர் துடைக்க, ஒருவர் கிரீஸ் அடைக்க, அனைவரும் மீண்டும் மேடேறிய அந்நண்பர்களின் பழக்கம் பழையதாகிவிடவில்லை. கருவியின் தன்மை அறிந்து, நிலத்தின் இயல்பு அறிந்து, உடன்வருவோரின் ஆற்றலும் அறிந்து செல்வோர்க்கு மலை வழிவிடும். அன்று மாலை அனைவரும் இல்லம் திரும்புவர்.